துருவ ஒளிக்கு ஒரு புற ஊதாக் கேமரா: சிலிக்கான் சிப்பா, எம்.சி.பி.யா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரு சி.வி.ராமன் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியியல் கடைசி வருஷம். துருவங்களுக்கு அருகே வானில் ஒளிரும் துருவ ஒளியை (அரோரா) விண்ணிலிருந்து புற ஊதாவில் படமெடுக்கும் கேமராவை வடிவமைப்பதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். "மாமா, சிலிக்கான் சிப் எல்லாம் இவ்வளவு நல்லா வந்தாச்சு. இன்னும் எதுக்கு அந்த எம்.சி.பி.?" என்று கேட்டான். எம்.சி.பி. என்றால் மைக்ரோசேனல் பிளேட், ஒளி கிளப்பும் எலக்ட்ரானைப் பெருக்கிக் காட்டும் நுண்துளைத் தட்டு. சிலிக்கான் சிப் என்பது சாதாரண டிஜிட்டல் கேமராவில் இருக்கும் ஒளியுணரி. சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துருவ ஒளியின் பச்சையும் சிவப்பும் இருட்டில்தான் தெரியும். பகல் பக்கத்தில் மேகமும் பனியும் திருப்பியனுப்பும் வெயிலில் அது காணாமல் போய்விடும். அலைநீளம் 180 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவில் நிலைமையே வேறு. அங்கே வெயிலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கிவிடுவதால் தரையிலிருந்தும் மேகத்திலிருந்தும் எதுவும் மேலே வராது. 100 கி.மீ.க்கு மேல், எலக்ட்ரான்கள் மோதி நைட்ரஜன் ஒளிர்வது பகலிலும் தெரியும். பின்னணியில் வெயில் பட்ட மேல்காற்றும் தானே ஒளிரும் (பகலொளிர்வு), அதைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெயில் கேமராவுக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். சிலிக்கானுக்கு அங்கேதான் சிக்கல். அதற்கு உயர் மின்னழுத்தம் வேண்டாம், வெளிச்சம் அதிகமானால் கெட்டுப்போகாது, பின்பக்கம் மெலிதாக்கிய சிப் புற ஊதாவையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 1100 நானோமீட்டர் வரை வரும் எல்லா ஒளியையும் அது பார்க்கும். நமக்கு வேண்டிய ஒளி சொட்டுச் சொட்டாக வரும்போது வேண்டாத ஒளி வெள்ளமாக வருகிறது. அதை அடைக்க ஃபில்டர் மேல் ஃபில்டராகப் போட வேண்டும், ஒவ்வொரு ஃபில்டரும் நம்முடைய சொட்டிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

எம்.சி.பி.யின் முன்னால் பூசும் சீசியம் அயோடைடு வேறு ரகம். சுமார் 200 நானோமீட்டருக்கு மேலான ஒளிக்கு அதிலிருந்து எலக்ட்ரானை வெளியே தள்ளும் வலு கிடையாது. வெயிலுக்கு அது ஏறக்குறைய குருடு. தப்பி வந்த ஒரே எலக்ட்ரான், தட்டிலுள்ள நுண்துளைகளில் ஒன்றுக்குள் சுவரில் மோதி மோதிப் பெருகும். ஒரு ஃபோட்டான், அதாவது ஒரே ஒளித்துகள், வந்தால்கூட எண்ணிவிடலாம். குறைகளும் உண்டு. வரும் பத்து ஃபோட்டானில் ஒன்றிரண்டைத்தான் பிடிக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். ஈரம் பட்டால் பூச்சு வீணாகிவிடும். இவ்வளவும் இருந்தும் என் ஓட்டு எம்.சி.பி.க்குத்தான். எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட எதைப் பிடிக்காமல் விடுகிறது என்பதுதான் இந்த வேலையில் பெரிசு.

நம்ம ஊரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2015-ல் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் போன யு.வி.ஐ.டி. என்ற புற ஊதாத் தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் பாகம் பாகமாகப் பொருத்தினார்கள். அதன் 130-180 நானோமீட்டர் பிரிவிலும் சீசியம் அயோடைடுதான். அதைப் பார்த்துவிட்டு இவனும் 37 செ.மீ. கண்ணாடியை வரைந்து வைத்திருந்தான். அது வேண்டாம் என்றேன். யு.வி.ஐ.டி. ஒரு சமயத்தில் அரை டிகிரி வானத்தைத்தான் பார்க்கும், நமக்கு இருபது டிகிரியாவது வேண்டும். துருவ ஒளி நட்சத்திரம் மாதிரி புள்ளி கிடையாது, பரப்பு. அதற்குக் கண்ணாடியின் விட்டத்தைவிட எஃப் எண்தான் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) முக்கியம், அது சின்னதாக இருந்தால் படம் பிரகாசமாக விழும். 1986-ல் ஸ்வீடனின் வைக்கிங் செயற்கைக்கோளுக்காகக் கனடாக்காரர்கள் செய்த கேமரா சின்னதுதான், ஆனால் எஃப்/1.

லென்ஸா கண்ணாடியா என்பதில் பேச அதிகம் இல்லை. சாதாரண லென்ஸ் கண்ணாடிக்குள் இந்த ஒளி நுழையவே நுழையாது. மெக்னீசியம் ஃப்ளூரைடு பூசிய அலுமினியக் கண்ணாடிதான் வழி. ஒன்று 80 சதவீதம் திருப்பினால் இரண்டில் 64, நான்கில் 41 என்று இறங்கிவிடும், அதனால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 80-ம் நிலைக்காது. முன்பு நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், வெற்றிடக் கலத்துக்குள் கேமராவோடு ஒரு சோதனைக் கண்ணாடித் துண்டையும் வைப்போம். ஒரு தடவை வெளியே எடுத்தபோது அது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. 121 நானோமீட்டரில் அளந்தால் பாதிதான் திரும்பியது. உள்ளே வயரைச் சுற்றியிருந்த விரல் நீளப் பசை டேப்பிலிருந்து கிளம்பிய ஆவி அதன் மேல் படிந்திருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, பாதை. 850 கி.மீ. உயரத்தில் சுற்றினால் சில கி.மீ. நுணுக்கம் கிடைக்கும், ஆனால் அதே துருவத்துக்குத் திரும்பிவர நூறு நிமிஷம் ஆகும். துருவ ஒளி வெடிப்பதோ, அதாவது திடீரென்று பிரகாசமாகிப் பரவுவதோ, ஓரிரு நிமிஷத்தில். உயர நீள்வட்டப் பாதையில் போனால் துருவத்தைச் சுற்றியிருக்கும் துருவ ஒளி வளையம் முழுவதும் ஒரே படத்தில் வரும். 2000-ல் போன இமேஜ் செயற்கைக்கோள் உச்சியிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு படம் தந்தது, படத்தில் ஒரு புள்ளிக்குச் சுமார் 50 கி.மீ. 1981-ன் டைனமிக்ஸ் எக்ஸ்ப்ளோரர் ஒரு படத்துக்கு 12 நிமிஷம் எடுத்தது, அதற்குள் வெடிப்பே முடிந்துவிடும். வெடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் உயரப் பாதைதான்.

கிளம்பும்போது அவன் வரைபடத்தில் பெரிய கண்ணாடியைக் கோடு போட்டு அடித்துவிட்டு இரண்டு ஃபில்டர் எழுதினான்: 140-160, 160-180 நானோமீட்டர். வேகமான எலக்ட்ரான் ஆழமாக இறங்கும். அங்கே முதல் பட்டையின் ஒளியை ஆக்சிஜன் அதிகம் தின்றுவிடும், இரண்டாவது அவ்வளவாகக் குறையாது. இரண்டின் விகிதத்தை வைத்து எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்லிவிடலாம். "ஒரே கேமராவில் மாற்றி மாற்றிப் போடவா, இரண்டு கேமரா வைக்கவா மாமா?" என்றான். இரண்டு வை என்றேன். மாற்றிப் போடச் சுழலும் சக்கரம் வேண்டும், சுழல்கிற எதுவும் விண்ணில் மாட்டிக்கொண்டால் கைவிட்டு எடுக்க ஆள் கிடையாது.