உள்ளூர் கில், அசலூர் கில்: பலகாரக்கடை மிஷினில் பார்த்தது

லினக்ஸில் ஓடும் நிரலை நிறுத்தும் கட்டளை கில். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற ஷெல்லுக்குள்ளேயே ஒரு கில் உண்டு, அது உள்ளூர். தனி நிரலாக இன்னொன்று உண்டு, அது அசலூர். காரைக்குடியில் ஒரு பலகாரக்கடைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு எல்லாவற்றுக்கும் வெளியூர் ஆர்டர் இணையத்தில்தான் வரும். இரண்டாம் கட்டில், எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸ் ஓடும் பழைய மிஷின் ஒன்று. நேரம் பார்த்து வேலைகளைத் தொடங்கும் க்ரான், நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்டைக் கிளப்பும். அது, இணையத்திலிருந்து தகவலை இறக்கும் கர்ல் நிரல் மூலம் ஆர்டரை இறக்கிச் சீட்டு அடிக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆச்சி போன் பண்ணினார்கள். “தம்பி, மதியத்துலேருந்து ஒரு சீட்டும் வரல. இங்க எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கு.”

போய் ஆத்தங்குடிக் கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முந்தின நாள் திறந்து வைத்த டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னல், அப்படியே இருந்தது. ஓடும் நிரல்களை, அதாவது ப்ராசஸ்களை, பட்டியல் போடும் பிஎஸ்ஸை அடித்தால், ஃபோர்க் பண்ண (புது ப்ராசஸ் உண்டாக்க) முடியவில்லை என்கிறது. அந்தப் பட்டியலையே திரையில் ஓடவிட்டுக் காட்டும் எச்டாப்? அதே பதில். இணைப்பு தொங்கிப்போய் ஒவ்வொரு கர்லும் காத்துக்கொண்டே நிற்க, நிமிஷத்துக்கு ஒன்று பின்னால் சேர்ந்து, அந்த யூசருக்கு நானே வைத்த 500 ப்ராசஸ் வரம்பு நிரம்பிவிட்டது. கர்லுக்கு நேரக்கெடு வைக்காதது என் தப்பு.

பாஷுக்குள் இருக்கும் கில்லின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பிஎஸ், எச்டாப் எல்லாம் தனி நிரல்கள். ஓட வேண்டுமானால் ஷெல் முதலில் ஒரு புது ப்ராசஸைப் பெற்றுக் கொடுக்க வேண்டும். உள் கில்லுக்கு அது வேண்டாம். ‘நிறுத்து’ என்ற சிக்னலை ஷெல் தானே அனுப்பிவிடும். யாரைக் கொல்வது என்பதுதான் கேள்வி. கொடுத்ததைத் திரையில் எழுதிக் காட்டும் எக்கோவும் பாஷுக்குள் இருப்பதுதான். ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணில் ஒரு அடைவு /ப்ராக்/ அடியில் இருக்கும், அதனால் எக்கோ போட்டு /ப்ராக்/[0-9]* என்று கொடுத்தேன். எண்கள் கொட்டின. ஒரு ஃபார் சுழல் எழுதி, ஒவ்வொன்றிலும் நிரலின் பெயர் இருக்கும் காம் ஃபைலை ரீட் கட்டளையால் படித்து, கர்ல் என்றிருந்தால் கில். எல்லாமே பாஷின் சொந்தச் சரக்கு. வழக்கப்படி, ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றில் செருகும் டாலர்-அடைப்புக்குறியை இடையில் போட்டிருந்தால் அதற்கும் ஃபோர்க் கேட்டு மறுபடி நின்றிருக்கும். இரண்டு நிமிஷத்தில் சீட்டு அடிக்க ஆரம்பித்தது.

ஒரே பெயரில் இரண்டு கில் இருப்பதே பலருக்குத் தெரியாது. டைப் -ஏ கில் என்று அடித்துப் பாருங்கள், முதலில் பாஷுக்குள் இருக்கும் உள்ளூர் கில் வரும், அடுத்து /யூஎஸ்ஆர்/பின் அடியில் இருக்கும் அசலூர் கில். வெறுமே கில் என்றால் உள்ளூர் கில்தான் ஓடும். அதற்கு %1 என்று ஜாப் எண் (அந்த ஷெல்லில் தொடங்கிய வேலையின் எண்) கொடுக்கலாம், ஜாப் கணக்கு ஷெல்லின் மடியில் இருப்பதால். நிர்வாகி அதிகாரத்தில் ஓட்ட முன்னால் சூடோ போட்டால் அசலூர் கில்தான் வரும், அதற்கு %1 யாரென்றே தெரியாது. இதில் நான் அரை மணி நேரம் முட்டிக்கொண்டிருக்கிறேன். கையேடான மேன் பக்கத்தைத் திறந்தாலும் அசலூர்க்காரன் கதைதான் வரும், உள்ளூர்க்காரனுக்கு ஹெல்ப் கில் என்று கேட்க வேண்டும். இதற்கு ஐந்தில் ஒரு மார்க் குறைக்கிறேன்.

பாஷுக்குள் இருக்கும் இன்னொரு சரக்கான டிஸ்ஓன் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்மினலை மூடினாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். அதற்கே உள்ள நோஹப் தனி நிரல், வேலையைத் தொடங்கும்போதே ஞாபகமாகப் போட வேண்டும். எனக்கு ஞாபகம் வருவது எப்போதும் பாதியில்தான். கன்ட்ரோல்-இசட் (வேலையை நிறுத்தி வைக்க), பிஜி (பின்னணியில் ஓடவிட), டிஸ்ஓன் என்று மூன்றையும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வெளியீடு பழைய டெர்மினலுக்கே போகும், ஃபைலுக்குத் திருப்பாமல் விட்டிருந்தால் வம்பு.

அதற்காக எச்டாப்பைக் குறை சொல்லவில்லை. ஹிஷாம் முகமது 2004-ல் தொடங்கியது. எஃப்5 தட்டினால் எது எதன் பிள்ளை என்று மரமாகக் காட்டும், எஃப்9-ல் சிக்னலைத் தேர்ந்து அனுப்பலாம். சாதாரண நாளில் நான் கை வைப்பது அதில்தான். எச்டாப்புக்கு ஐந்துக்கு நாலரை, உள் கில்லுக்கு நாலு. எதற்கும் காசு கிடையாது.

கர்லுக்கு இப்போது 20 விநாடிக் கெடு. அந்த ஃபார் சுழலை ஒரு அட்டையில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, மந்திரமா?” என்றார்கள். எண்ணெய்க் கறை படாமல் இருக்க மேலே செல்லோடேப்பும் ஒட்டச் சொன்னார்கள்.