கப்பல் வைஃபை கார்டு நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள்: ஒரே இரவில் ₹79,944 போனது

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவு கப்பல் பயணத்துக்கு நம் ஊரிலிருந்து இப்போது நிறையக் குடும்பங்கள் போகிறார்கள். நாங்களும் போனோம். திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கே தங்கை வீட்டில் இரண்டு நாள், பிறகு மெரினா பே துறைமுகத்தில் கப்பல். நான், வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கும் மகன், எழுபத்து மூன்று வயது மாமியார். கப்பலில் ஏறிய முதல் ராத்திரியே என் சம்பளக் கணக்கிலிருந்து ₹79,944 போய்விட்டது. அது போனது எனக்கு மறுநாள் மதியம்தான் தெரிந்தது. ஏன் அவ்வளவு நேரம் தெரியவில்லை என்பதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் செக்-இன் செய்யும்போதே வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். அதுதான் அறைச் சாவி, கப்பலுக்குள் பணமும் அதுதான். காபி குடித்தாலும் போட்டோ வாங்கினாலும் அந்தக் கார்டை நீட்டினால் போதும், எல்லாம் அறைக் கணக்கில் ஏறி, கடைசி நாள் மொத்தமாகக் கழித்துக்கொள்வார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு மறந்தது இதைத்தான்.

கப்பல் கிளம்பியதும் எல்லோரும் ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டோம். தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கரையைத் தாண்டியதும் கப்பலுக்கென்று ஒரு செல் நெட்வொர்க் இருக்கும், ஃபோன் தானாக அதைப் பிடித்தால் ரோமிங் பில் எங்கேயோ போய் நிற்கும் என்று. சொன்னது சரிதான். இனி நெட் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபை மட்டும்தான்.

ராத்திரி சாப்பாடு முடிந்து ஐந்தாவது தளத்து லாபியில் உட்கார்ந்தோம். மணி ஒன்பதே முக்கால் இருக்கும். ஊரில் இருக்கும் நாத்தனாரிடம் பேச வேண்டும் என்று அத்தை கேட்டார். "ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சிடறேம்மா, கப்பல் ஏறிட்டேன்னு சொன்னா போதும்" என்றார். வைஃபையைத் திறந்தேன். இரண்டு பெயர்கள். ஒன்று கப்பலின் பெயரும் கெஸ்ட் என்ற சொல்லும். இன்னொன்று அதே பெயர், அதே கெஸ்ட், கடைசியில் ஒரு பிளஸ் குறி. பிளஸ் போட்டதற்குத்தான் நான்கு கோடும் முழுசாக இருந்தது. வேகமாக இருக்கும் போலிருக்கிறது என்று அதைத் தொட்டேன்.

ஒரு பக்கம் தானாகத் திறந்தது. மேலே கப்பலின் சின்னம், அதே கரும் நீலம், கீழே கப்பலின் படம். அறை எண் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. போட்டேன். அடுத்த பக்கத்தில் "15 நிமிடம் இலவசம், சரிபார்ப்புக்காக 1 டாலர் மட்டும் பிடித்துத் திருப்பித் தரப்படும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி எண் எல்லாம் கேட்டது. கைப்பையில் என் டெபிட் கார்டு மேலாக இருந்தது, அதைப் பார்த்துப் போட்டேன். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "இணைப்பு கிடைக்கவில்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று வந்தது.

சரி, கடல் நடுவில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மகன் தன் ஃபோனில் பிளஸ் இல்லாத பெயரைத் தொட்டான். அதில் கார்டே கேட்கவில்லை. அறை எண், பிறந்த தேதி போட்டதும் எந்தத் திட்டம் வேண்டும் என்று மட்டும் கேட்டது. முழு இணையம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 22 அமெரிக்க டாலர், வாட்ஸ்அப் மாதிரி செயலிகள் மட்டும் என்றால் அதில் பாதி. பாதி விலைத் திட்டத்தை எடுத்தோம், பணம் அறைக் கணக்கில் ஏறியது. அத்தை இருபது நிமிடம் பேசினார். எல்லோரும் தூங்கப் போய்விட்டோம்.

மறுநாள் மதியம் பினாங்கில் ஜார்ஜ் டவுன் துறையில் கப்பல் நின்றது. இறங்கி லிட்டில் இந்தியா போய் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலைப் பார்க்கலாம் என்று திட்டம். படியில் இறங்கும்போதே ஃபிளைட் மோடை எடுத்தேன். ஃபோன் அதிர்ந்தது, நிற்கவே இல்லை. வங்கியிலிருந்து நான்கு எஸ்எம்எஸ். இந்திய நேரம் முந்தின இரவு 8.26-க்கு ₹89. 8.31-க்கு ₹38,640. 8.33-க்கு ₹41,215. 8.40-க்கு ₹44,900 முயற்சி, தினசரி வரம்பைத் தாண்டியதால் நிராகரிக்கப்பட்டது. நாங்கள் பயணத்துக்கு முன் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு நாளுக்கு ஒரு லட்சம் என்று வைத்திருந்தோம். அந்த வரம்பு மட்டும் இல்லாவிட்டால் கணக்கே காலி.

நடந்தது பாருங்கள். சிங்கப்பூர் நேரம் 9.45-க்கு நான் கார்டு போட்டேன், அது நம் நேரம் 7.15. ஒரு மணி நேரம் கழித்து ₹89 எடுத்துக் கார்டு வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் பெரிய தொகை. அந்த நேரத்தில் வங்கி எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. என் ஃபோன் ஃபிளைட் மோடில் கிடந்தது. மின்னஞ்சலும் அனுப்பியிருந்தது. நாங்கள் எடுத்த திட்டத்தில் மின்னஞ்சல் திறக்காது. ஊரில் இருந்திருந்தால் முதல் எஸ்எம்எஸ் வந்ததுமே கார்டை முடக்கியிருப்பேன். கப்பலில் அந்தப் பதினேழு மணி நேரத்தில் மலாக்கா நீரிணையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிபி வராமல் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடிபி கட்டாயம் என்பது இந்தியாவுக்குள் நடக்கும் இணையப் பரிவர்த்தனைக்கு. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், தேதி, சிவிவி இருந்தாலே பணம் போய்விடும். நம்மில் பாதிப் பேர் "ஓடிபி சொன்னால்தானே ஆபத்து" என்று நிம்மதியாக இருக்கிறோம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கும் கார்டுக்கு அந்தப் பூட்டு எல்லா இடத்திலும் இருக்காது.

அங்கேயே துறையில் நின்று வங்கியைக் கூப்பிட்டேன். 1800-ல் தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து போகவே இல்லை. அத்தையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகனும் நானும் திண்டாடினோம். வீட்டுக்காரர் ஃபோனில் தங்கை கொடுத்த சிம் இருந்தது, அதன் ஹாட்ஸ்பாட்டில் வங்கிச் செயலியைத் திறந்து கார்டை முடக்கினேன். அதற்கப்புறம்தான் கார்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இன்னொரு சாதாரண எண் இருப்பதை மகன் பார்த்தான். முன்னால் +91 போட்டதும் போனது. புகார் எண் வாங்கி, எங்கே, எப்போது, எவ்வளவு என்று அதே இடத்தில் மின்னஞ்சலும் அனுப்பினேன். சைபர் கிரைம் புகாரையும் cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் அங்கிருந்தே பதிந்தோம். இந்தியாவில் இருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930-ஐ உடனே கூப்பிடுங்கள், பணம் கை மாறுவதற்குள் நிறுத்த அதுதான் வழி. கோவிலுக்குப் போகவில்லை.

இனி கப்பல்காரர்கள் நடந்துகொண்ட விதம். எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் கோபம்.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பியதும் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டருக்குப் போனேன். முதலில் இருந்த பெண் "எங்கள் வைஃபை ஒன்றுதான் மேடம், பிளஸ் எங்களுடையது இல்லை" என்றார். எங்களுடையது இல்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்களுக்கு, அது தங்கள் லாபியில் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. மேலாளர் வந்தார், நோட்டில் எழுதிக்கொண்டார், வருத்தம் தெரிவித்தார். "பயணிகளுக்கு ஒரு அறிவிப்பு செய்யுங்கள், இன்னொருவர் ஏமாறக் கூடாது" என்று கேட்டேன். ஐடி துறை பார்க்கும் என்றார். தினமும் காலை பஃபே எத்தனை மணிக்கு, பிங்கோ எந்தத் தளத்தில் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டேதான் இருந்தார்கள். இதற்கு ஒரு வரி சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை தோசை வரிசையில் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அண்ணன் பேச்சுக் கொடுத்தார். அவர் மனைவியும் அதே பக்கத்தில் கார்டு போட்டிருக்கிறார், முதல் நாள் இல்லை, இரண்டாம் நாள் இரவு. அதாவது நான் புகார் கொடுத்த பிறகு. அன்றைக்கு மைக்கில் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அக்காவின் பணம் தப்பித்திருக்கும்.

அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்து போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். "அதிகாரபூர்வ வைஃபையை மட்டும் பயன்படுத்தவும்." அதன் பெயர் என்ன என்றுகூட அதில் இல்லை.

யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று மட்டும் இப்போது தெரியும். கையடக்கமான ஒரு கருவியைப் பையில் வைத்துக்கொண்டு எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வைஃபை விடலாம். அதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. நாம் தட்டுவதை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் "இணைப்பு கிடைக்கவில்லை" என்று காட்டினால் போதும், எனக்குக் காட்டியது போல. 2024-ல் ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் இதே போல் போலி வைஃபை விட்டதாக ஒருவர் மீது அந்நாட்டு மத்திய போலீஸ் வழக்குப் போட்டது. கருவி அவர் கைப்பெட்டியில் இருந்தது. விமானத்தில் ஒரு சந்தேகமான வைஃபை தெரிகிறது என்று ஊழியர்கள் சொன்னதில்தான் விஷயம் வெளியே வந்தது. அங்கே ஊழியர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

வெப் முகவரியில் பூட்டுப் படம் இருந்ததா என்றும் சிலர் கேட்டார்கள். வைஃபையில் சேரும்போது தானாகத் திறக்கும் அந்தச் சின்ன ஜன்னலில் முகவரியைச் சரியாகப் பார்க்கவே முடிவதில்லை. அது தவிர, பூட்டு இருந்தால் நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அர்த்தம். வாங்குபவன் யோக்கியன் என்று அர்த்தமில்லை. நாம் அனுப்புவதை மறைத்து அனுப்பும் விபிஎன் செயலி பற்றியும் இதேதான். மகன் ஃபோனில் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் கப்பல் வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டிய பிறகே அது வேலை செய்யும். நானே போலிப் பக்கத்தில் கார்டைத் தட்டினால் விபிஎன் என்ன செய்யும்?

அடுத்து இன்னொன்று. இரண்டாம் நாள் இரவு அதே லாபியைக் கடக்கும்போது என் ஃபோன் தானாக அந்தப் பிளஸ்ஸில் போய் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை சேர்ந்த பெயரை ஃபோன் மறப்பதில்லை. அமைப்புகளில் போய் அந்தப் பெயரை நீக்க வேண்டும். அதோடு என் அறை எண்ணும் பிறந்த தேதியும் அவர்கள் கையில் இருந்தது, கப்பலின் உண்மையான வைஃபையில் நுழைய அந்த இரண்டும் போதும். கவுன்டரில் கேட்டுத் தனிக் கடவுச்சொல் வைத்துக்கொண்டேன். கேட்டால்தான் செய்கிறார்கள்.

போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வைஃபையின் சரியான பெயரை ஏறும்போதே கவுன்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அறையில் வைக்கும் தினசரித் தாளிலும் பாருங்கள். கார்டு ஏறும்போதே பதிவாகிவிட்டது, வைஃபை பணம் அறைக் கணக்கில்தான் போகும். ஆகவே எந்தப் பக்கம் கார்டு கேட்டாலும் மூடிவிட்டு நேரே கவுன்டருக்குப் போங்கள். கப்பல் கிளம்பும் முன் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் மூடிவிடுங்கள். செலவுக்கு வேண்டிய தொகை மட்டும் போட்ட ஃபாரெக்ஸ் கார்டு போதும். வங்கியின் +91 எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் வராது என்பதால் பணம் போனாலும் தெரியாது, அதனால் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் போகும்படி செய்துவிட்டுப் போங்கள். வயதானவர்கள் ஃபோனையும் நீங்களே வாங்கிப் பாருங்கள். அத்தை ஃபோனிலும் அந்தப் பிளஸ் சேமிப்பில் இருந்தது, மகன்தான் பார்த்து நீக்கினான்.

வங்கி விஷயம் இன்னும் முடியவில்லை. ₹41,215-ஐ இரண்டு மாதத்தில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ₹38,640-க்கு, நீங்களே விவரத்தைக் கொடுத்தீர்கள், பொறுப்பு உங்களுடையது என்று கடிதம் வந்தது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையில் வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது என்று இருப்பது உண்மை. ஏமாற்றி வாங்கியதும் அலட்சியமும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி. அதை எழுதி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போன வாரம் அனுப்பிவிட்டேன். நான்கு எஸ்எம்எஸ், கப்பலின் லிஃப்ட் பக்கத்துத் தாளின் படம், பினாங்கிலிருந்து அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் சேர்த்திருக்கிறேன். அதே வழியில், அதே பிளஸ் பெயரை வேறு யாராவது பார்த்திருந்தால் தேதியை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.