எட்டுக் கோடை கண்ட சொட்டுநீர்க் குழாய்: கறுப்பிலும் வித்தியாசம் உண்டு

பாலக்கோடு அருகே உள்ள எங்கள் ஒன்றரை ஏக்கர் தக்காளிக் காட்டுக்கு 2017 சித்திரையில் 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் இழுத்தேன். கையில் பணம் போதாததால் பாதிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக் குழாயும், மீதிக்கு முத்திரை இல்லாத மலிவுக் குழாயும் வாங்கினேன். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே செம்மண், ஒரே வெயில்; வாங்கிய அன்று இரண்டும் ஒரே கறுப்பு.

மூன்றாவது கோடையில் மலிவுக் குழாய் வெளுத்துச் சாம்பல் பூத்தது. கடைசி முனையை மடக்கிக் கட்டியிருந்த இடங்களில் நகக்கீறல் போன்ற விரிசல்கள் தெரிந்தன. நான்காம் ஆண்டில் வளைத்தால் அப்பளம்போல ஒடிந்ததால் முழுவதையும் பிடுங்கிப் போட்டேன். முத்திரைக் குழாயோ எட்டுக் கோடை கடந்தும் ஓடுகிறது. உப்பு அடைத்த சொட்டுவான்களை மாற்றியதும், அணில் கடித்த இடங்களில் இணைப்பு போட்டதும் தவிர அதற்கு வேறு செலவில்லை.

ஓசூரில் குழாய் வார்க்கும் ஆலையில் வேலை செய்யும் என் மைத்துனரிடம் இரண்டிலும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினேன். குழாய் செய்யும் பாலித்தீனுக்கு இயல்பில் கறுப்பு நிறம் கிடையாது. புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடாமல் காப்பதற்காகவே ஏறக்குறைய 2.5 விழுக்காடு கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் சேர்க்கிறார்கள். கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும் இந்தக் கரியின் ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பதால், ஒரு கிராம் தூளின் மேற்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 100 சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட் நிலம் அளவுக்கு வரும். கொஞ்சம் போட்டாலே போதும் என்பதற்குக் காரணம் இந்தப் பரப்புதான். துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிடுவதற்கும் அதுவே காரணம்.

நெல்மணி அளவுச் சீவலை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உருக்கி அழுத்தி, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். முத்திரைக் குழாய் சீரான புகைபோல இருந்தது. மற்றதில் கடுகு சிதறியதுபோலக் கட்டிகள், இடையிடையே ஒளி புகும் வெற்றுக் கோடுகள். "கரி குறைவில்லை மாமா, கலக்கல்தான் சரியில்லை" என்றார். வெற்றுக் கோடு வழியே வெயில் உள்ளே இறங்குகிறது. கட்டி இருக்கும் இடத்தில் விரிசல் பிறக்கிறது.

டொயோட்டா ஆய்வகத்தார் 1980களில் நைலானில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணைச் சேர்த்து, அது சூட்டில் வளையத் தொடங்கும் எல்லையை ஏறத்தாழ 65 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்கு மேல் ஏற்றியதையும் அவரே சொன்னார். அங்கேயும் களிமண் ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள ஏடுகளாகப் பிரிந்து பரவியதுதான் காரணமாம்.

மலிவுக் குழாய் கனமாக இருந்ததை நான் தடிப்பு என்று நம்பியிருந்தேன். அது விலையைக் குறைக்கக் கலந்த சுண்ணத்தூளின் கனம். பாலித்தீன் தண்ணீரில் மிதக்கும்; சுண்ணத்தூள் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் மூழ்கிவிடும்.

இந்த ஆண்டு புதிய சுருள் வாங்கப் போனபோது, கடைக்காரரிடம் விரல் நீளத் துண்டு ஒன்றை நறுக்கித் தரச் சொல்லி வாளித் தண்ணீரில் போட்டேன். துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போனவர் வேறு சுருளோடு வந்தார்.