ஆப்பிரிக்க மரபுத் தலைவர்கள்: நாகர்கோவில் பயிற்சி மையமொன்றின் பாடத் தொகுப்பு

நாகர்கோவிலில் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கும் சிறு மையம் ஒன்று, இன்றைய ஆப்பிரிக்க நாடுகளுக்குள் தொடரும் மரபு அரசர்களையும் குலத் தலைவர்களையும் பற்றிய காணொளிப் பாடங்களை, அச்சிட்ட கையேட்டுடன் 650 ரூபாய்க்கு விற்கிறது. தேர்வு எழுதும் எண்ணமின்றி, ஆர்வத்தால் மட்டுமே வாங்கினேன். கானாவைப் பற்றிய பகுதி ஒன்றுக்கே இந்த விலை தகும்.

1992ஆம் ஆண்டின் கானா அரசியலமைப்பு, 270ஆம் பிரிவில் குலத் தலைமை முறைக்குப் பாதுகாப்பு அளித்து, 276ஆம் பிரிவில் குலத் தலைவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. பொதுவான பாட நூல்கள் இத்துடன் நின்றுவிடும். இப்பாடத்தின் ஆசிரியரோ 267ஆம் பிரிவுக்குச் சென்று, தலைமை ஆசனத்துக்குரிய (அதாவது, தலைவரின் பதவியைக் குறிக்கும் ஆசனத்தின் பெயரில் உள்ள) நிலங்களின் வருவாயில் நிர்வாகத்துக்கு 10 விழுக்காடு கழிந்தபின், மீதியில் 25 விழுக்காடு ஆசனத்துக்கும் 20 விழுக்காடு மரபு அதிகார அமைப்புக்கும் 55 விழுக்காடு மாவட்ட மன்றத்துக்கும் பிரிவதை விளக்கி, தலைவர்களின் செல்வாக்குக்கு வேர் சடங்கில் அல்ல, நிலத்தில் இருக்கிறது என்று காட்டுகிறார்.

கானாவின் அசாந்தே மக்களிடம் பட்டம் தாய்வழியில் செல்வதை அவர் திருவிதாங்கூரின் மருமக்கத்தாயத்தைக் கொண்டு விளக்குவது கல்குளம், விளவங்கோடு பகுதியினருக்கு எளிதில் புரியும். (பத்மநாபபுரம் அரண்மனையை இத்தனை நேரம் காட்டியிருக்க வேண்டியதில்லை.) ஆனால் திருவிதாங்கூரில் தாய்வழி ஆண்களில் மூத்தவருக்கே பட்டம் வந்தது, அசாந்தேயில் தகுதியுள்ளோருள் ஒருவரை அரசத்தாய் முன்மொழிய, மற்ற பெருந்தலைவர்கள் ஏற்க வேண்டும். முக்கியமான இந்த வேறுபாட்டை அவர் சொல்லாமல் விட்டது பெருங்குறை.

உகாண்டா பகுதி சுருக்கமானது, ஆயினும் தெளிவானது. 1966இல் நாட்டை ஆண்ட ஒபோட்டேயின் படை, உகாண்டாவுக்குள் உள்ள மரபு அரசான புகாண்டாவின் அரண்மனையைத் தாக்கியது, 1967இல் மரபு அரசுகள் ஒழிக்கப்பட்டது, 1993இல் அவை மீண்டும் ஏற்கப்பட்டு இரண்டாம் முத்தெபி புகாண்டா மன்னராக முடிசூடியது ஆகியவை வரிசையாக வருகின்றன. இந்தியாவில் 1971இல் மன்னர் மானியம் நிறுத்தப்பட்ட பின் அத்தகைய திரும்புதல் நிகழவில்லை என்ற ஒப்பீடும் பொருத்தமானது.

கையேடு இந்தத் தரத்தில் இல்லை. எசுவாத்தினியைப் புகாண்டாவுடன் ஒரே அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள்; அந்நாட்டின் மன்னரே நாட்டுத் தலைவர் என்பதால், அது ஒரு குடியரசுக்குள் அடங்கிய மரபு அரசன்று. நைஜீரியாவின் கானோ மாநிலத்து வரலாறு, 2020இல் அங்குள்ள மரபு அரசரான எமிர் சனூசி நீக்கப்பட்டதுடன் நின்றுவிடுகிறது. 2024இல் மாநில அரசு அவரை மீண்டும் அமர்த்தியதையும் சேர்த்திருந்தால், எமிரின் பதவி மாநில ஆட்சியாளர்களின் கையில் எந்த அளவுக்கு இருக்கிறது என்பது விளங்கியிருக்கும்.

கையேடு கூரியரில் சேதமின்றி வந்தது. நிலப்படங்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில் மங்கிக் கிடப்பதால் எல்லைகளைப் பிரித்தறிய முடியவில்லை. காணொளிகளை மட்டும் குறைந்த விலைக்குத் தருகிறார்களா என்று கேட்டபின் வாங்குவது நல்லது.