கருத்தியல் கலைக்கூடம்: செவ்வாய்ப்பேட்டையா, ஏற்காடா?

எண்ணத்தையே படைப்பாகக் கொள்ளும் கருத்தியல் கலைக்கும், மிக எளிய வடிவங்களால் ஆன மினிமலிசக் கலைக்கும் மட்டுமான ஒரு காட்சிக்கூடத்தைச் சேலம் வட்டாரத்தில் அமைப்பதென்றால், செவ்வாய்ப்பேட்டையின் பழைய கிடங்கு ஒன்றும் ஏற்காட்டின் காப்பித் தோட்டக் கட்டடம் ஒன்றும் என் கண்முன் நிற்கின்றன.

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் பெருஞ்செல்வம் ஒளி. அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட் 1982 முதல் 1986 வரை, டெக்சாஸின் மார்ஃபாவில், பழைய பீரங்கிக் கொட்டகைகளின் பக்கங்களைக் கண்ணாடியாக்கி, ஒரே புற அளவுடைய 100 அலுமினியப் பெட்டிகளை அங்கே வைத்தார்; வெயில் நகர நகர அவற்றின் முகமும் மாறுகிறது. மூடுபனி சன்னலைத் தொட்டு விலகும் மலையில் அத்தகைய படைப்பு எவ்வளவு உயிர்பெறும் என்று எண்ணும்போதே மனம் நிறைகிறது. ஆனால் அதே ஈரம் தாளுக்குப் பகை: இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் மெல்லிய மைக்கோடுகளைப் போன்றவற்றை அங்கே பூஞ்சையிலிருந்து காப்பது கடினம்.

செவ்வாய்ப்பேட்டையில் இரைச்சலும் புழுதியும் உண்டு. எனினும் அமெரிக்கக் கலைஞர் சால் லூவிட் 1968 முதல் உருவாக்கிய சுவரோவியங்கள், குறிப்புகளாகத் தரப்பட்டுப் பிறர் கையால் வரையப்படுபவை. பாவு நூலை எண்ணிக் கோக்கும் நெசவாளர்கள் வாழும் ஊரில், அக்குறிப்பைப் படித்துச் சுவரில் கோடிழுக்கக் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டாமல், கடைவீதிக்கு வந்தவரும் உள்ளே நுழையலாம் என்பதால், என் தேர்வு செவ்வாய்ப்பேட்டையே.