பாக்கெட் 4கே-யில் குறும்படம்: பாடியை விட பேட்டரியும் கேபிளும் முக்கியம்

2018-இல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே, மாணவர் குறும்படத்துக்கு இன்றும் நம்பி எடுக்கலாம். படத்தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. படப்பிடிப்பு பாதியில் நிற்பதெல்லாம் பேட்டரியாலும் கேபிளாலும்தான். வாடகை பேசும்போது பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) முன்னால் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போடும் எல்பி-இ6 பேட்டரியில் இருப்பது சுமார் 14 வாட்-அவர். கேமரா இழுப்பதோ 20 வாட்டுக்கும் மேல். முக்கால் மணி நேரம்கூட நிற்காது. 98 வாட்-அவர் வி-மவுண்ட் பேட்டரி (வெளியே மாட்டும் பெரிய பேட்டரி) இரண்டு, அதை மாட்டும் பிளேட், டி-டேப்பிலிருந்து (மின்சாரம் எடுக்கும் துளை) கேமராவின் 2 பின் சாக்கெட்டுக்கு வரும் கேபிள் ஆகியவற்றைச் சேர்த்து எடுங்கள். ஒரு வி-மவுண்ட் நான்கு மணி நேரம் வரை தாங்கும். உள்ளே எல்பி-இ6-ஐயும் போட்டே வையுங்கள். வி-மவுண்டை மாற்றும்போது கேமரா அணையாது.

அடுத்தது சேமிப்பு. பிளாக்மேஜிக் ரா 8:1 (எட்டில் ஒன்றாகச் சுருக்கிய பதிவு வடிவம்), முழு 4கே, நொடிக்கு 24 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 2.5 ஜிபி போகும். 500 ஜிபி எஸ்எஸ்டி மூன்று மணி நேரத்துக்குப் போதும், ஆனால் அதைக் கேமராவோடு இணைக்கும் யூஎஸ்பி-சி பிளக்குக்குப் பூட்டு கிடையாது. தோளில் வைத்து நடக்கும்போது லேசாக அசைந்தாலே பதிவு நின்றுவிடும். கேஜும் (கேமராவைச் சுற்றிப் பூட்டும் உலோகச் சட்டம்), அதில் கேபிளை இறுக்கும் கிளாம்ப்பும், எஸ்எஸ்டி ஹோல்டரும் கட்டாயம் வேண்டும். எஸ்எஸ்டி-யைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். எடிட் செய்வது விண்டோஸில் என்றால் எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு வடிவம் மேக்குக்கானது. எக்ஸ்ஃபேட்டில் பதிவு ஓடும்போது கேபிள் பிடுங்கப்பட்டால் கோப்பு கெட வாய்ப்பு அதிகம்.

டியூப்லைட் வெளிச்சத்தில் 24 ஃபிரேமும் 180 டிகிரி ஷட்டரும் (ஒரு ஃபிரேமின் பாதி நேரம், 1/48 நொடி) வைத்தால் படம் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம். ஷட்டரை 172.8 டிகிரிக்கு மாற்றுங்கள். அது சரியாக 1/50 நொடி, மின்சாரத்தோடு ஒத்துப்போகும்.

ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 1000 வரை கேமராவுக்குள் ஒரு சர்க்யூட், 1250 முதல் இன்னொன்று. இரவுக் காட்சியில் 1000-ஐ விட 1250-இல் நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) குறைவு. இது தெரியாமல் 1000-லேயே நின்று, இருட்டைக் கலர் கிரேடிங்கில் தூக்கிப் பார்ப்பவர்கள் நிறைய.

சென்சார் சிறியது, கிராப் (ஃபுல் ஃபிரேம், அதாவது 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சாரோடு ஒப்பிட்ட விகிதம்) 1.9. கேனான் 50 எம்எம் லென்ஸைச் சாதாரண அடாப்டரில் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 95 எம்எம் போலத் தெரியும். ஹாஸ்டல் அறையில் பின்னால் நகர இடமிருக்காது. 0.71 ஸ்பீட் பூஸ்டர் (பார்வைக் கோணத்தை விரிக்கும் அடாப்டர்) போட்டால் அது 67 ஆகும், ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) வெளிச்சமும் கூடும். தொடர்ந்து இயங்கும் ஆட்டோஃபோகஸ் இல்லை, பாடி ஸ்டெபிலைசேஷனும் (கை நடுக்கத்தைச் சரிசெய்வது) இல்லை. நடிகர் நகரும் ஷாட்டுக்கு ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸைக் கையால் மாற்றுபவர்) ஒருவர் தேவை. ஆள் கிடைக்காவிட்டால் வைட் லென்ஸில் எஃப்/5.6-இல் எடுப்பது பாதுகாப்பு.

உள்ளே என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) கிடையாது. உச்சி வெயிலில் எஃப்/2.8 வேண்டுமென்றால் எட்டு ஸ்டாப் வரை குறைக்க வேண்டிவரும். அவ்வளவு அடர்த்தியில் மலிவான என்டி போட்டால் கறுப்புச் சட்டை செம்பழுப்பாகத் தெரியும், அதனால் ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) தடுக்கும் என்டியைக் கேளுங்கள். மைக் உள்ளீடு மினி எக்ஸ்எல்ஆர். வழக்கமான எக்ஸ்எல்ஆர் கேபிள் அதில் சேராது, மாற்றுக் கேபிளையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.