டபுள் கெப்பை உயர்த்தப் போகிறவர்கள் காசு கொடுக்க முன் அடியில் குனிந்து பாருங்கள்

திருகோணமலையில் டபுள் கெப்புக்குப் பெரிய டயர் போட்டு முன்பக்கத்தை உயர்த்தும் யோசனை இருந்தால் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். நகரத்துக் கராஜ் ஒன்றில் எங்கள் ஹைலக்ஸ் விகோவுக்கு இந்த வேலையைச் செய்வித்து நன்றாக ஏமாந்தோம். கராஜின் பெயர் இங்கே தேவையில்லை. பில்லில் என்ன எழுதினார்கள், வாகனத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

பில்லில் இருந்தவை மூன்று: 2 அங்குல லெவலிங் கிட் (முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சமமாக உயர்த்தும் துண்டுகள்), 285/70 ஆர் 17 டயர் நான்கு, எலைன்மன்ட் (சில்லுகளின் கோணங்களைச் சரிசெய்வது). வாகனம் பார்க்க நன்றாகத்தான் நின்றது. கந்தளாய் வீதியில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் அலையத் தொடங்கியது. வளைவில் திருப்பினால் தானாக நேருக்குத் திரும்பி வரவில்லை. வேறொரு மெக்கானிக் ஜாக்கில் ஏற்றிச் சில்லுகளைக் கழற்றிய பிறகே விஷயம் தெரிந்தது.

பெரிய பிழை ஸ்பேசரில். ஷொக் அப்சோபரின் தலைக்கும் செசிக்கும் நடுவே வைக்கிற வட்டத் துண்டு அது. 2 அங்குலக் கிட் என்று சொல்லி 50 மில்லிமீற்றர் தடிப்பான துண்டையே வைத்திருந்தார்கள். ஹைலக்ஸின் முன் ஷொக், சில்லைச் செசியோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆமின் நடுவில் ஊன்றி நிற்கிறது, சில்லு அந்த ஆமின் நுனியில் இருக்கிறது. அதனால் மேலே 25 மில்லிமீற்றர் துண்டு வைத்தாலே சில்லில் ஏறத்தாழ 50 உயரும். 50 வைத்தால் 4 அங்குலத்துக்குக் கிட்டப் போகும். அவ்வளவு உயரத்துக்கு இந்த முன் சஸ்பென்ஷன் செய்யப்படவில்லை. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது மேல் கையான அப்பர் ஆம் ஸ்பிரிங்கில் போய் இடிக்கும், அதன் நுனியில் உள்ள உருண்டை மூட்டான மேல் போல் ஜொயின்ட் அதன் எல்லைக்கு வளையும், சில்லைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும். எங்கள் வாகனத்தில் வலது ரிம்மின் உட்பக்கம் முழுக்கக் கிழிந்த பூட்டின் கறுப்புக் கிரீஸ் விசிறியிருந்தது. அப்பர் ஆமில் ஸ்பிரிங் இடித்த இடத்தில் பெயின்ட் போய் இரும்பு மினுங்கியது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் தொங்கிய நிலையில் விறைத்து நின்றன.

இதைக் கண்டுபிடிக்க அளவு நாடா ஒன்று போதும். வேலைக்குக் கொடுக்க முன் சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லிலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து பில்லிலேயே எழுதுவியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் சேர்ந்துவிடும், ஏமாற்ற இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கொஞ்சத் தூரம் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்தபின் திரும்ப அளவுங்கள். வித்தியாசம் 50 மில்லிமீற்றரைத் தாண்டினால் வாகனத்தை ஏற்காதீர்கள்.

எலைன்மன்ட் நடக்கவே இல்லை. கோணத்தை மாற்றத் திருப்பவேண்டிய லோவர் ஆமின் கேம் போல்ட்டுகளில் பழைய வயல் சேறு காய்ந்தபடி ஒட்டியிருந்தது, குறிக்கோடுகள் அசையவில்லை. முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறையும், ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் காரணம் அதுதான். கேம்பரும் (சில்லு உள்ளே வெளியே சாயும் அளவு) டோவும் (முன்சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு) மாறுவதால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டை மட்டும் திருகி டோவைச் சரிசெய்தால் போதாது. காஸ்டர், கேம்பர், டோ மூன்றின் அளவும் வேலைக்கு முன்பும் பின்பும் அச்சிட்ட தாளாகக் கையில் வரவேண்டும். தாள் இல்லாவிட்டால் எலைன்மன்ட்டுக்குக் காசு இல்லை என்று முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: லோவர் ஆம் போல்ட்டுகளைச் சில்லுகள் தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழிந்துபோகும்.

முன்பக்கம் அளவுக்கு மீறி ஏறியதை மறைக்கப் பின்னால் அக்சிலுக்கும் லீவ் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்தார்கள். எங்களிடம் கேட்கவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை. கட்டை வைத்தால் அக்சிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை நீளமான புதிதாகப் போடவேண்டும். இவர்கள் பழையதையே இழுத்துப் பூட்டியதால் நட்டுக்கு வெளியே ஒரு மரைகூடத் தெரியவில்லை. யூ போல்ட் ஒருமுறை இறுக்கும்போதே இழுபடுவது, கழற்றினால் திரும்பப் போடக்கூடாது. இதைவிடப் பயங்கரம் பிரேக். இந்த வாகனத்தில் பின் அக்சிலிலிருந்து செசியில் உள்ள ஒரு வால்வுக்குக் கம்பி போகிறது. பின்பக்கம் உயர்ந்து நின்றால் சுமை இல்லை என்று எடுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை அந்த வால்வு குறைக்கும். கட்டை வைத்த அளவுக்குக் கம்பியின் பிடியையும் உயர்த்தாவிட்டால் 20 மூட்டை நெல் ஏற்றினாலும் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும்.

டயருக்கு வருவோம். முன்பிருந்த 265/65 ஆர் 17 டயரின் முழு உயரம் 776 மில்லிமீற்றர், 285/70 ஆர் 17க்கு 831. தரையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் இடைவெளி இந்த வித்தியாசத்தில் பாதி, 27 மில்லிமீற்றர்தான். வேக மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 107இல் ஓடுவீர்கள். அகலமும் கூடுவதால் முழுதாகத் திருப்பும்போது உள் மட்கார்ட் பிளாஸ்டிக்கிலும் பின்னால் உள்ள கபின் மவுன்ட்டிலும் உரசும். கராஜ்காரர் நேரே நிறுத்தித்தான் காட்டுவார். இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி ரிவர்ஸில் எடுங்கள், ஒரு முன்சில்லைக் கல்லில் ஏற்றி மறுபடி திருப்பிப் பாருங்கள்.

டயர்களின் திகதி உட்பக்கம் மறைந்திருக்கும்படி பூட்டியிருந்தார்கள். உற்பத்தித் திகதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும்: கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். கழற்றிப் பார்த்தபோது 2216 என்றிருந்தது, 2016இன் 22ஆவது கிழமை. பொலிஷைத் துடைத்ததும் பள்ளங்களுக்குள் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ரிம்மில் பூட்ட முன்பே நான்கையும் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஸ்பெயார் சில்லும் அதே அளவில் வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சரான நேரத்தில் ஃபோர் வீலைப் போட முடியாது, கியர் பெட்டி இறுகிப்போகும். பெரிய ஸ்பெயார் பெட்டிக்குக் கீழே பிடிக்கிறதா என்றும் முதலே பாருங்கள். புது அலோய் ரிம் வாங்கினால் அதற்குரிய நட்டும் வாங்குங்கள். கொம்பனி ரிம்மின் தட்டை வொஷர் நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் தளர்ந்து கழன்றுவிடும்.

எங்கள் கருத்தில் 265/70 ஆர் 17 போதும். உயரம் 803 மில்லிமீற்றர், மீற்றர் வித்தியாசம் 3 வீதத்துக்குச் சற்றே கூட. தம்பலகாமத்து வயல் பாதைக்கும் மாரிக்காலச் சேற்றுக்கும் அது தாராளம். புல்மோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் உயரத்தைவிடக் காற்றுத்தான் உதவும்: 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்கி மெதுவாகப் போங்கள், தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப நிரப்புங்கள். தினமும் சுமை ஏற்றுகிறவர்களுக்கு லெவலிங் கிட்டே வேண்டாம். பின்பக்கம் உயர்ந்து வருவது சுமை ஏறும்போது சமமாக நிற்பதற்காகத்தான்.

எப்படி உயர்த்தினாலும் ஹெட்லைட்டை இறக்க மறக்காதீர்கள். 10 மீற்றர் தூரத்துச் சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் நடு உயரத்தைவிட 10 சென்ரிமீற்றராவது கீழே விழவேண்டும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் வீதிக்கு யானை ஏறுகிறது. உங்கள் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்தால் முன்னால் நிற்கும் யானையை அவர் காணமாட்டார்.

கராஜுக்குத் திரும்பிப் போனபோது, பெரிய டயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது பொய். 25 மில்லிமீற்றர் ஸ்பேசர், புது போல் ஜொயின்ட், புது பூட், பின் கட்டையை எடுத்துப் புது யூ போல்ட், ஒழுங்கான எலைன்மன்ட், 265/70 டயர் என்று மாற்றியபின் அதே ஹைலக்ஸ் 100இலும் நேராக ஓடுகிறது. இறுக்கிய எல்லாவற்றையும் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்த்தோம், நீங்களும் பாருங்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில், கழற்றிய துண்டுகள், படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தாமதிக்காமல் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களின் இலக்கம் 1977.